விரியும்போது குளிரும் வாயு

எரிவாயு என்றாலே நெருப்புத்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஆனால் உயர் அழுத்தக் குழாயிலிருந்து வால்வு வழியே விரியும் இயற்கை வாயு குளிர்கிறது. ஒன்றையொன்று ஈர்க்கும் மூலக்கூறுகள், விலகிச் செல்வதற்குத் தம் இயக்கசக்தியைச் செலவிடுகின்றன. ஒரு பார் அழுத்தம் குறைந்தால் ஏறத்தாழ அரைப் பாகை வெப்பநிலை இறங்கும். அதனால்தான் அழுத்தத்தைக் குறைக்கும் நிலையங்களில் வாயுவை முதலில் சூடாக்குகிறார்கள். இல்லையேல் அதிலுள்ள ஈரம் பனிக்கட்டிபோல் இறுகிக் குழாயை அடைக்கும்.

கடுங்குளிர் உருக்கையும் நொறுங்க வைக்கும். 1998 செப்டெம்பர் 25இல், அவுஸ்திரேலியாவின் லோங்ஃபோர்ட் வாயு ஆலையில், உறைகுளிரில் இருந்த கலமொன்றுக்குள் சூடான எண்ணெய் பாய்ந்ததும் அது உடைந்தது. இருவர் இறந்தனர். நிறுவனம் ஒரு தொழிலாளியைக் குற்றஞ்சாட்டியது. விசாரணை ஆணைக்குழுவோ, உரிய பயிற்சி கொடுக்காத நிறுவனமே பொறுப்பு என்றது.

ஆணைக்குழுக்களின் முடிவுகளுக்காகக் காத்திருந்தே பழகிய எனக்கு, அதுதான் மனதில் நின்றது.