சின்ன டிராக்டர், பெரிய மரம்: வின்ச் வைத்து இழுப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலாய் மொழியில் ஜாலான் புசார் என்றால் ‘பெரிய சாலை’. அந்தச் சாலையும் அதை ஒட்டிய கிளந்தான் லேன், டிர்விட் சாலை, ஹோர்ன் சாலை ஆகியவையும் நெடுங்காலமாக இரும்புச் சாமான் கடைகளுக்குப் பெயர் பெற்றவை. அருகிலிருந்த சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. டிர்விட் சாலையில் ஒரு பழைய இரும்புக்கடை பெயர்ப்பலகையை மாற்றாமலேயே காப்பிக்கடையாகிவிட்டது. இருந்தாலும், கப்பி, சங்கிலி, ஷேக்கிள், கம்பி வடம் என்று கேட்டு வருவோருக்கு இந்த வட்டாரம் இன்னும் கைகொடுக்கிறது.

தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர் பகுதிகளிலிருந்து வந்து கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் வேலை செய்வோருக்கு இந்தச் சாமான்கள் புதியவை அல்ல. ‘ரிக்கர்’, ‘சிக்னல்மேன்’ பயிற்சி முடித்தவர்கள் நாள்தோறும் கையாளுபவைதாம். ஊரில் தென்னந்தோப்பும் ஒரு சின்ன டிராக்டரும் வைத்திருப்பவருக்கு இதே சாமான்கள் வேறொரு வகையில் பயன்படும். சாய்ந்த மரத்தைத் தோப்பிலிருந்து வெளியே இழுக்க இவை உதவும்.

கஜா கற்றுக்கொடுத்த பாடம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. சிங்கப்பூரில் இருந்த பல ஊழியர்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மரம் நிக்கிது?” என்பதுதான்.

மரம் போனது ஒரு துயரம் என்றால், கிடந்த மரத்தை அகற்றுவது அடுத்த துயரம். அழுகும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அந்த வண்டு தப்பிப் பிழைத்த மரங்களின் குருத்தைத் துளைக்கும், புதிதாக நட்ட கன்றுகளையும் விடாது. நாட்டுத் தென்னை காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். கன்றிலேயே வண்டு விழுந்தால் அந்தக் காத்திருப்பு முழுவதும் வீண். அதனால் தண்டுகளைச் சீக்கிரம் வெளியேற்றியே ஆகவேண்டும். ஆனால் ஜேசிபி இயந்திரம் எல்லாத் தோப்புக்குள்ளும் நுழைய முடியாது. வாடகை மணிக்கணக்கில் ஏறும். ஈர மண்ணில் இறங்கினால் வரப்பு உடையும், நிற்கிற மரங்களின் வேர் நசுங்கும்.

மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தை மறுநடவு செய்வோருக்கும் இதே வண்டுத் தொல்லை உண்டு. டுரியான் தோப்பு வைத்திருப்போர் மழைக்காலத்தில் வேரோடு சாயும் மரத்தோடு மல்லுக்கட்டுகின்றனர்.

வின்ச் என்ன செய்கிறது?

பழனிக்குப் போனவர்களுக்கு வின்ச் என்ற சொல் பழக்கமானது. மலைச்சரிவில் பெட்டியை இரும்பு வடத்தால் இழுத்து ஏற்றும் அதே தத்துவம்தான் இங்கும். ஓர் உருளை, அதில் சுற்றிய கம்பி வடம், உருளையைச் சுழற்ற ஒரு விசை ஆகிய மூன்றும் சேர்ந்தால் வின்ச்.

டிராக்டரின் பின்பக்கம் கலப்பை மாட்டும் மூன்று முனை இணைப்பில் மர வின்ச்சைப் பொருத்துவார்கள். எஞ்சின் விசை ‘பிடிஓ’ தண்டு வழியாக உருளைக்கு வரும். வின்ச்சின் அடியில் ஒரு கனமான இரும்புத் தகடு இருக்கும். டிராக்டரை நிறுத்தி, தகட்டைத் தரையில் இறக்கினால் அதன் விளிம்பு மண்ணில் புதைந்துகொள்ளும். வடத்தை இழுத்துக்கொண்டுபோய் மரத்தில் கட்டிவிட்டு, கட்டுப்பாட்டுக் கயிற்றை இழுத்தால் உருளை சுற்றும், மரம் டிராக்டரை நோக்கி வரும். கயிற்றை விட்டால் நின்றுவிடும்.

தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களுக்கும் முட்டுக்கட்டை போடுபவர்களுக்கும் தனித்தனி வேலை இருப்பதுபோல், இங்கே வடம் இழுக்கிறது, தகடு முட்டுக்கொடுக்கிறது. தகடு சரியாகப் பதியாவிட்டால் மரம் டிராக்டரிடம் வராது, டிராக்டர்தான் மரத்திடம் போகும்.

டிராக்டரில் நேரடியாகக் கட்டி இழுத்தால் என்ன?

பலர் செய்வது இதுதான். ஒரு கணக்குப் போட்டால் சிக்கல் விளங்கும். 15 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள பச்சைத் தென்னந்தண்டு ஏறக்குறைய 1 கனமீட்டர் இருக்கும், எடை 1 டன்னை ஒட்டி வரும். அதைத் தரையில் இழுக்க 500 முதல் 700 கிலோ அளவு இழுவை வேண்டும். தண்டு ஒரு கட்டையில் முட்டினாலோ சேற்றில் புதைந்தாலோ இன்னும் கூடும்.

24 குதிரைத்திறன் கொண்ட சின்ன டிராக்டரின் எடை முக்கால் டன் முதல் 1 டன் வரைதான். ஈர மண்ணில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு இழுத்தாலே பெரிது. எஞ்சினில் வலு இருந்தாலும் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. சக்கரம் வழுக்கிப் பள்ளம் தோண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வடத்தைப் பின் அச்சுக்கு மேலே உயரமான இடத்தில் கட்டி இழுக்கும்போது மரம் அசையாவிட்டால், டிராக்டரின் மூக்கு மேலே எழும்பும். அது பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர்மீது விழ ஒன்றரை விநாடி போதும். கிளட்ச்சை மிதிக்க நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் எதை இழுத்தாலும் கட்டும் இடம் பின் அச்சுக்குக் கீழே இருக்கவேண்டும்.

வடம் வாங்கும்போது

வின்ச்சின் இழுவிசைபோல் குறைந்தது இரண்டு மடங்கு தாங்கும் வடம் வேண்டும். 3 டன் வின்ச்சுக்கு 10 மில்லிமீட்டர் கம்பி வடம் பொருத்தமாக இருக்கும். நல்ல தரமான 10 மில்லிமீட்டர் வடம் அறுபட ஏறக்குறைய 6 டன் விசை வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து வாங்கிச் செல்ல நினைப்பவர்கள் எடையையும் பார்க்கவேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பி வடம் மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம். 50 மீட்டர் சுருள் 20 கிலோ வரும், விமானப் பெட்டியின் அளவு அதிலேயே தீர்ந்துவிடும். வடத்தை ஊர்ப்பக்கம் வாங்கிக்கொண்டு, கப்பி, ஷேக்கிள், அகலமான தூக்குப் பட்டை ஆகியவற்றை மட்டும் இங்கிருந்து கொண்டுபோவது மிச்சம். ‘டைனிமா’ போன்ற செயற்கை இழை வடம் இரும்பில் ஏழில் ஒரு பங்கு எடைதான், வலுவிலும் குறையாது. ஆனால் மணல், கூரான விளிம்பு, சூடு மூன்றும் அதற்கு ஆகாது.

ஷேக்கிளில் தாங்கும் சுமையின் அளவு அச்சிடப்பட்டிருக்கவேண்டும். தரமான வில் வடிவ ஷேக்கிளில் அரை அங்குலத்துக்கு 2 டன், 5/8 அங்குலத்துக்கு 3.25 டன், முக்கால் அங்குலத்துக்கு 4.75 டன் என்று இருக்கும். எழுத்தே இல்லாத ஷேக்கிள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. அதற்குப் பதிலாக ஆணியோ போல்ட்டோ செருகுவதும் கூடாது.

வடத்தின் நுனியில் கண் போடும்போது பலர் கிளிப்பைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். கிளிப்பின் வளைந்த ‘யு’ பகுதி, சுமை தாங்காத குட்டை நுனிப்பக்கம் இருக்கவேண்டும். பள்ளமான அடிப்பகுதி, சுமை தாங்கும் நீளமான வடத்தில் உட்காரவேண்டும். மாற்றிப் போட்டால் ‘யு’ வளைவு சுமை வடத்தை நசுக்கிப் பலவீனமாக்கும். 10 மில்லிமீட்டர் வடத்துக்குக் குறைந்தது 3 கிளிப், ஒன்றுக்கொன்று 6 சென்டிமீட்டர் இடைவெளி. முதல் இழுப்புக்குப் பிறகு நட்டுகளை மீண்டும் முறுக்கவேண்டும், வடம் இறுகியதும் அவை தளர்ந்துவிடும்.

கப்பியின் உதவி

சின்ன வின்ச் திணறும்போது ஒரு கப்பி கைகொடுக்கும். கப்பியை மரத்தில் கட்டி, வடத்தை அதன் வழியாகச் செலுத்தி, நுனியை டிராக்டர் பக்கமே உறுதியான ஓரிடத்தில் கட்டினால் இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகும். வேகம் பாதியாகும், அது பாதுகாப்புக்கு நல்லதுதான்.

மரம் பக்கவாட்டில் கிடந்தாலும் கப்பி தேவை. வின்ச் நேர் பின்னாலிருந்து இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதிகச் சாய்வில் இழுத்தால் சின்ன டிராக்டர் பக்கவாட்டில் புரண்டுவிடும். திசை மாற்றுவதற்குக் கப்பியை நிற்கும் மரமொன்றில் கட்டும்போது, வடம் முழுதாக மடங்கித் திரும்பினால் வடத்தின் விசையைப்போல் இரு மடங்கு அந்த மரத்தின்மீது விழும் என்பதை மறக்கக்கூடாது. புயலில் வேர் ஆடிப்போன மரத்தைத் தேர்ந்தெடுத்தால் அது அடுத்துச் சாயும்.

நிற்கும் தென்னையில் சங்கிலியைக் கட்டுவதும் தவறு. சங்கிலி ஏற்படுத்தும் காயத்தில் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். அகலமான பட்டையைச் சுற்றிக் கட்டவேண்டும்.

உயிரைப் பறிக்கும் மூன்று இடங்கள்

முதலாவது, பிடிஓ தண்டு. அது நிமிடத்துக்கு 540 முறை, அதாவது விநாடிக்கு 9 முறை சுழல்கிறது. துண்டு, கைலி, வேட்டி நுனி அதில் பட்டால் மனிதன் கையை எடுப்பதற்குள் முழுவதையும் சுற்றிக்கொள்ளும். தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால், மாற்றும் வரை வேலையைத் தொடங்கக்கூடாது. கால்சட்டையும் உடலோடு ஒட்டிய சட்டையும் போட்டுக்கொண்டுதான் அருகே போகவேண்டும்.

இரண்டாவது, இறுகிய வடத்தின் பாதை. அறுந்த கம்பி வடம் சாட்டைபோல் திரும்பி வரும். இழுக்கும்போது வடத்துக்கு நேராகவோ, கப்பியில் வடம் மடங்கும் உட்கோணத்திலோ யாரும் நிற்கக்கூடாது. வடத்தைத் தாண்டி நடக்கவும் கூடாது. ஊரில் டிராக்டர் வேலை நடந்தால் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். வெளியே விட்டிருக்கும் வடத்தின் நீளத்தைவிட அதிக தூரத்தில் அவர்களை நிறுத்தவேண்டும்.

மூன்றாவது, சாய்ந்த மரமே. வளைந்து அழுந்திக் கிடக்கும் தண்டில் வில்லின் இறுக்கம் இருக்கும். வேரோடு சாய்ந்த மரத்தைத் தண்டில் அறுத்ததும் வேர்க்கட்டி மீண்டும் பள்ளத்துக்குள் படாரென்று உட்காரலாம். அந்தப் பள்ளத்துக்குள் யாரும் இறங்கக்கூடாது. சரிவான நிலத்தில் மரத்துக்குக் கீழ்ப்பக்கம் நிற்கக்கூடாது.

இழுக்கும் முறை

டிராக்டரை மரத்துக்கு நேராக நிறுத்தி, தகட்டை இறக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுக்கவேண்டும். வடத்தை வெளியே எடுக்கும்போது உருளையில் குறைந்தது 3 சுற்று மிச்சம் இருக்கவேண்டும். மரத்தின் நுனிக்கு அருகே, ஒன்றரை முழம் உள்ளே தள்ளிச் சங்கிலியால் சுருக்குப் போடவேண்டும். வடத்தைத் தானே சுற்றிச் சுருக்குப் போட்டால் அது சீக்கிரம் முறிந்துவிடும்.

இயக்குபவர் ஒருவர் மட்டுமே. கட்டுபவர் விலகிப் பாதுகாப்பான இடத்துக்கு வந்து கையைக் காட்டிய பிறகே கயிற்றை இழுக்கவேண்டும். முதலில் மெதுவாக வடத்தை இறுக்கி, கட்டு நிற்கிறதா, தகடு பதிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மரம் எங்கேனும் முட்டினால் வலிந்து இழுக்காமல் நிறுத்தி, வடத்தைத் தளர்த்தி, கட்டை மாற்றவேண்டும். உருளையில் வடம் ஒழுங்காகச் சுற்றுவதற்காக ஓடும் வடத்தைக் கையால் தள்ளக்கூடாது. விரல் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

முன்னோர் வழியும் இன்றைய வழியும்

பெரிய மரத்தை இழுப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆனைமலையில் வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம்தான் டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. அங்கு மரம் தூக்க யானைகள் இருந்தன. மலாயாவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கழித்துவிடப்பட்ட ராணுவ லாரிகளில் வின்ச் பொருத்திக் காட்டு மரங்களை இழுத்தார்கள். ‘லோரி ஹந்து’, ‘சான் தாய் வோங்’ என்று தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இன்றும் அவற்றை நினைவுகூர்வதுண்டு. அந்த வேலையில் வடம் அறுந்தும் மரம் உருண்டும் உயிர் போவது பழகிப்போன செய்தியாக இருந்தது.

இன்று அப்படி இருக்கவேண்டிய அவசியம் இல்லை. சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடப்புக்கு வந்தது. தூக்கும் சாமான்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்றவர் பரிசோதிக்கவேண்டும் என்பது இங்குள்ள விதி. கம்பி இழைகள் அறுந்து முள்போல் நிற்கும் வடத்தையும், நசுங்கிய அல்லது முறுக்குப் பிரிந்த வடத்தையும், வாய் விரிந்த கொக்கியையும் தளத்தில் யாரும் பயன்படுத்த விடமாட்டார்கள்.

ஊர்த் தோப்பில் பரிசோதகர் கிடையாது, ‘ஸ்டாப்’ என்று கத்தும் மேற்பார்வையாளரும் கிடையாது. இங்கே பத்து ஆண்டுகள் தலைக்கவசம் போட்டு வேலை செய்தவர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால், “நம்ம தோப்புதானே” என்று செருப்புக்காலோடு வடத்தின் பக்கத்தில் நிற்பதுண்டு. ஜாலான் புசாரில் வாங்கிய கப்பியைப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்பவர், தளத்தில் கற்றுக்கொண்ட பழக்கத்தையும் சேர்த்து எடுத்துச் செல்லவேண்டும். தம்பிக்கும் மச்சானுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், அடுத்த புயலுக்குப் பிறகு அவர்கள் இழுக்கும்போது இங்கிருப்பவர் நிம்மதியாக இருக்கலாம்.