எடுத்தால் தாயோடு எடுங்கள்

காஞ்சிபுரம் பக்கத்துக் கூரம், ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். அவர் போற்றப்படும் வைணவ மரபில், சரணாகதிக்குத் தென்கலையார் பிற்காலத்தில் சொன்ன உவமை மார்ஜார நியாயம், அதாவது பூனை நியாயம். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். பூனையை உற்றுக் கவனித்தவர்கள் சொன்ன உவமை அது. பிடரியைக் கவ்வியதுமே குட்டி பின்னங்கால்களை மடக்கித் துவண்டு தொங்கும். அதனால்தான் தாயால் அதைத் தூக்கிக்கொண்டு மதில் தாண்ட முடிகிறது. இன்று அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வைக்கோல் போரிலோ பரணிலோ தெருப்பூனை குட்டி போட்டால், இரக்கப்படுகிறவர்கள் மறந்துபோவது அந்தத் தாயைத்தான். குட்டிகளை மட்டும் அட்டைப்பெட்டியில் அள்ளி வந்து பசும்பால் புகட்டுகிறார்கள். எடுத்தால் தாயோடு எடுக்க வேண்டும், பிறகு அவளுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். இரண்டும் முடியாதென்றால் குட்டிகளைப் போரிலேயே விட்டுவிடுவது மேல்.

பிறந்த குட்டியின் எடை நூறு கிராம் அளவுதான். கண் திறக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே கழியும். பசும்பாலில் அதற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் போதாது, அதிலுள்ள சர்க்கரையும் செரிக்காது. வயிற்றுப்போக்கு கண்டால் அந்தச் சிறு உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். தனியாகக் கிடக்கும் குட்டிகள் அநாதை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கலாம்; பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டும் இருக்கலாம். சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பதே முதல் உதவி. வராவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பூனைக்குட்டிக்கான பால்மாவு வாங்குங்கள். தாய் வந்துவிட்டால் வேலை மிச்சம்: அவளுக்கு மட்டும் சோறு போட்டால் போதும். சோறு என்றால் தயிர்சாதம் அல்ல. பூனை இறைச்சி தின்னும் பிராணி. உப்புப் போடாமல் வேகவைத்த மீன், கோழிக்கழிவு, முட்டை, கூடவே தண்ணீர். இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்டு வளரும் குட்டி, பிறகு ஆளைக் கண்டு ஓடாது.

கருத்தடை பாவம் என்பார்கள். பெண்குட்டி நான்கைந்து மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஒன்பது வாரம், ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி. பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகவும் கூடும். அத்தனை குட்டிகளுக்கும் வீடு எங்கே இருக்கிறது? கடைசியில் சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விடுகிறார்கள். பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாவக் கணக்கு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று நீங்களே பாருங்கள்.

சோறு போட்டால் எலி பிடிக்காது என்பது நெல் வைத்திருப்பவர்களின் கவலை. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும். பெருச்சாளியை மட்டும் பட்டினிப் பூனையிடமும் எதிர்பார்க்க வேண்டாம். வெறிநோய்ப் பயம் மெய்யானது. மூன்று மாதத்தில் தடுப்பூசி போட வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். செலவும் அலைச்சலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாய்க்குச் செய்யும் ஒரே அறுவை, பின்னால் வரும் எல்லா ஈற்றுக்கும் சேர்த்துத்தான். எட்டு வாரத்தில் குட்டிகள் பால்குடி மறந்துவிடும். அறுவை முடியும்வரை கடுவன் நெருங்காத அறையில் அவளை வைத்திருங்கள். பால் வற்றி இரண்டு வாரம் ஆனதும் மருத்துவரிடம் கொண்டுபோகலாம்.