வெயிலை விழுங்கும் புகை

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்று ஓர் இடம். பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எதிரெதிரே உள்ளன. அங்கே புகைக்கும் தூசிக்கும் குறைவில்லை. இவை வெயிலையும் குறைக்கும்.

தரைக்கு எவ்வளவு வெயில் வருகிறது? 2013-இல் ஏவப்பட்ட நம் இன்சாட்-3டி செயற்கைக்கோள் இதைக் கணிக்க உதவியது. இத்தகைய செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். பூமியிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கும். திரும்பியதைக் கழித்துத் தரை வெயிலைக் கணக்கிடுவார்கள். வெள்ளை மேகம் அதற்கு நன்றாகத் தெரியும். கரும்புகை அப்படியல்ல. ஒளியை விழுங்கிவிடும். விழுங்கிய ஒளி மேலேயும் போகாது, கீழேயும் வராது. கணக்கு தப்பும்.

தம்பானூருக்கு வடக்கே தும்பா. அங்கே விண்வெளி இயற்பியல் ஆய்வகம் உள்ளது. காற்றிலுள்ள தூசியைத் தரையிலிருந்தே அளக்கிறார்கள். இப்படி அளந்ததைச் சேர்த்தால் கணக்கு திருந்தும். வீட்டுக்கூரையில் சோலார் தகடு வைப்பவருக்கு இது வேண்டும். வெயிலைக் கூட்டிக் கணக்கிட்டால், வாங்கிய தகடு போதாது.