கெம்பாராவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

மழை விட்ட மறுநாள் பகாவ், ரந்தாவ், லிங்கி பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்குள் போய்ப் பாருங்கள். குலை ஏற்றும் லாரிகள் உழுதுவிட்டுப் போன செம்மண்ணில் பழைய பெரோடுவா கெம்பாரா ஒன்று வழுக்கும், நெளியும், அப்புறம் மேட்டில் ஏறியே விடும்! டைஹட்சு டெரியோஸின் மலேசிய அவதாரம் அது. 1998இல் வந்த வண்டி, 1.3 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் மூன்று டிஃபரன்சியல்கள்: முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று. வாங்க, அடியில் குனிந்து பார்ப்போம்.

பட்டறையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடச் சொல்லுங்கள். இடது சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். வலது சக்கரம் பின்னோக்கிச் சுற்றும்! இரண்டுக்கும் நடுவே, பின் டிஃபரன்சியலுக்குள் இருக்கும் குட்டிப் பல்சக்கரங்கள் செய்கிற வேலை இது. வளைவில் வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. முன்சக்கரங்களின் பாதையும் பின்சக்கரங்களின் பாதையும்கூட ஒன்றல்ல. அத்தனை வித்தியாசத்தையும் மூன்று டிஃபரன்சியல்களும் ஓசையின்றிச் சமாளிக்கின்றன.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். வேகம் எப்படி மாறினாலும், டிஃபரன்சியல் முறுக்குவிசையை இரு பக்கமும் சமமாகவே பரிமாறும். பந்தி வஞ்சனையே அறியாது! சேற்றில் அந்த நேர்மைதான் வினையாகிறது. பின்னிடது சக்கரம் சேற்றில் 50 நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்கும், மற்ற மூன்றும் 400 தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். இடதுக்கு 50 என்றால் வலதுக்கும் 50. பின் அச்சுக்கு 100 என்றால், சம பங்கு பிரிக்கும் நடு டிஃபரன்சியல் முன் அச்சுக்கும் 100தான் கொடுக்கும். மொத்தமே 200! ஒரு சக்கரம் வீணாய்ச் சுழல, நல்ல தரையில் நிற்கும் மூன்றும் சும்மா இருக்கும்.

மேனுவல் கியர் கெம்பாராவின் டாஷ்போர்டில் உள்ள பொத்தானை அழுத்துங்கள். நடு டிஃபரன்சியல் பூட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரே வேகம்தான். இப்போது பிடிமானம் உள்ள பக்கம் தன்னால் முடிந்ததை வாங்கிக்கொள்ளலாம்: முன் அச்சில் 800, பின்னால் 100. எஞ்சின் கொடுக்க முடிந்தால் 900 வரை! அதே எஞ்சின், அதே சேறு. பூட்டு விசையை எங்கும் அனுப்புவதில்லை, தடையை நீக்குகிறது, அவ்வளவுதான். எனக்கு இது எத்தனை முறை நினைத்தாலும் சிலிர்க்கிறது.

சக்கரம் சுழலும்போது ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும் பழைய டிரைவர்களின் கைவித்தையும் இதே கணக்குதான்: பின்னால் வழுக்கும் சக்கரத்துக்குச் சுமை கூட்டினால், பூட்டாத நடு டிஃபரன்சியல் வழியே முன் அச்சுக்கும் பங்கு கூடும். இன்றைய பல வண்டிகளில் இதைக் கணினியே பிரேக்கைத் தட்டித் தட்டிச் செய்கிறது.

தோட்டத்துக்குள் ஓடும் ஹைலக்ஸில் நடு டிஃபரன்சியலே கிடையாது. அதனால்தான் ஃபோர் வீலில் போட்டபடி தார்ச்சாலையில் வளைத்தால் வண்டி இழுத்துப் பிடிக்கும்.

கெம்பாரா வைத்திருப்பவர்களே, சேற்றில் சிக்கிய பிறகு பொத்தானைத் தேடாதீர்கள். சேற்றுக்கு முன்பே நிறுத்தி அழுத்துங்கள். தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.