மலையில் செல்லாத மைல் கணக்கு
கேமரன் மலை பிக்கப்புகளுக்கு பிளக் மாற்றுவது எப்போது?

சமவெளியில் ஓடும்வரை தேய்ந்த பிளக் தன் குறையைக் காட்டிக்கொள்ளாது. தாப்பாவில் தேநீர் குடித்துவிட்டு மலையேறத் தொடங்கிய பிறகுதான் சங்கதி வெளியே வரும். அங்கிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். பின்னால் உரமூட்டையோ கேஸ் தோம்போ இருந்து, வளைவில் எண்ணெயை அழுத்தி மிதிக்கும்போது எஞ்சின் ஒருமுறை விக்கும். பிறகு இரண்டு முறை. பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்ட் தேவை. இடைவெளி அகன்றுபோன பிளக்கால் அது முடிவதில்லை. ஓட்டுநர் பெட்ரோலைத் திட்டுவார், குளிரைத் திட்டுவார். பிளக்கின் நினைவு கடைசியில்தான் வரும்.

கேமரன் மலையில் இது பழைய லேண்ட் ரோவர்களின் கதை. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜாவரை காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டிகளைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர்கள் கேமராவோடு வருகிறார்கள். பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்டுப் போனவை அவற்றில் கணிசம். 1958-இல் வந்த இரண்டாம் வரிசை, 1971-இல் வந்த மூன்றாம் வரிசை, இரண்டிலும் பெரும்பாலும் இருந்தது ஒரே 2,286 சிசி பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், நான்கு பிளக், ஒரு கார்புரேட்டர். கையில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் பழுது பார்க்கலாம். அதனால்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் சாகாமல் இருக்கிறது.

மேலே போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களிடம் இருப்பது சமீபத்திய ஹைலக்ஸோ டிமேக்ஸோ ட்ரைட்டனோ என்றால், இந்தக் கட்டுரையின் கேள்வியே உங்களுக்குப் பொருந்தாது. இங்கே விற்கும் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல். டீசல் எஞ்சினில் மின்பொறி கிடையாது. இறுக்கிய காற்றின் சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. அதில் இருப்பது ஹீட்டர் பிளக். காலையில் வண்டி எழும்ப உதவுவதோடு அதன் பெரும்பகுதி வேலை முடிந்தது. டீசல் வண்டியில் இழுவை குறைந்தால் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர் என்றுதான் தேட வேண்டும். பட்டறைக்குப் போய் "பிளக் மாத்துங்க" என்று கேட்டு, மாற்றியதாகக் காசும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. லேண்ட் ரோவர்களிலும் பல, பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றிக்கொண்டவை. ஆகவே முதலில் பானெட்டைத் திறந்து பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து தடித்த கறுப்பு வயர்கள் எஞ்சின் தலைக்கு ஓடுகின்றனவா? அப்படியானால் மேலே படிக்கலாம். பழைய பெட்ரோல் ஹைலக்ஸ், நிசான் வேனட், புரோட்டோன் அரீனா வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

சாதாரண நிக்கல் பிளக்குக்கு 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஆயுள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நெடுஞ்சாலைக்கு அது சரி. தேயிலைத் தோட்டத்துக்குள் அது செல்லாது. ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கே போதும்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் 1,000 முறை பொறி விடும். மணிக்கு 60,000 முறை. தாப்பாவுக்குக் கீழே நேர்சாலையில், டாப் கியரில், லேண்ட் ரோவர் அந்தச் சுற்றில் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் போகும். கிலோமீட்டருக்கு 1,200 பொறி. அதே சுற்றில், தோட்டத்துச் சேற்றுப் பாதையில், கீழ் கியர் போட்டு மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால் கிலோமீட்டருக்கு 6,000 பொறி. ஐந்து மடங்கு. மலையை விட்டு இறங்காத வண்டியின் மீட்டர் 5,000 காட்டும்போது பிளக் உழைத்திருப்பது 25,000-க்கு. அந்த மீட்டர் ஓடினால்தான். பல வண்டிகளில் முள் எப்போதோ நின்றுவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை.

இப்படி ஊர்ந்து போவது தேயிலைக்காரனின் சோம்பல் அல்ல. 1929-இல் ஜே.ஏ.ரஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது வெட்டியது செங்குத்தான காட்டுச் சரிவை. பிறகு வந்த தோட்டங்களும் அப்படித்தான். சரிவில்தான் செடி நன்றாக வரும், தண்ணீர் தேங்காது. ஆனால் அந்தச் சரிவில் போட்ட பாதையில் வண்டி ஓடாது, ஊரும். ஊர்ந்தாலும் நிற்கக் கூடாது என்பதுதான் சிக்கல். பறித்த கொழுந்து சாக்குக்குள் அமுங்கிக் கிடந்தால் தானே சூடேறும். இலை நசுங்கிச் சிவக்கும். ஆலைக்குப் போகுமுன்பே தரம் போய்விடும். ஆகவே மூன்று சிலிண்டரில் இருமிக்கொண்டு பாதை நடுவில் நிற்கும் வண்டியின் செலவு, பிளக் விலையோடு நிற்பதில்லை.

உயரமும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. கீழே சரிசெய்து வைத்த ஜெட் ஏறக்குறைய அதே அளவு பெட்ரோலைத்தான் விடும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும்போது எரியாத கரி பிளக்கின் மூக்கில் படிகிறது. மெல்லிய காற்றில் பொறி தாண்டுவது உண்மையில் சுலபம். ஆனால் கரி மின்சாரத்தைக் கடத்துமே! பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம் கரி வழியாகக் கசிந்து இறங்கிவிடும். பிளக் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ள அதன் மூக்கு 450 டிகிரி செல்சியஸையாவது எட்ட வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்டு, மூட்டை ஏற்று, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டு என்று நாள் முழுக்கப் போனால் அந்தச் சூடு எங்கே வரும்? போதாக்குறைக்குக் காலைக் குளிரில் இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ள மறந்துவிடுகிறோம். கேமரன் மலையில் பிளக் கறுப்பதற்கு மறந்துபோன சோக் ஒரு பெரிய காரணம் என்பேன். புதுப் பிளக் போட்டாலும் அடுத்த வாரம் அதுவும் கறுக்கும்.

அப்படியானால் எப்போது மாற்றுவது? என் பதில்: மீட்டரைக் கேட்காதீர்கள், பிளக்கைக் கழற்றிக் கேளுங்கள். விவரமான போமன் நான்கையும் கழற்றி, எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று வரிசை மாறாமல் மட்கார்டின் மேல் நிறுத்துவார். வரிசை கலைந்தால் பாதிச் செய்தி போய்விடும். பீங்கான் மூக்கு இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலம். விரலில் ஒட்டும் உலர்ந்த கரி நான்கிலும் இருந்தால் கார்புரேட்டர், சோக், ஏர் ஃபில்டர் பக்கம் போக வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு மின்னினால் அந்தச் சிலிண்டரில் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. பிளக் மாற்றுவது அதற்கு வைத்தியம் ஆகாது. ஈரம் எண்ணெய் இல்லாமல் பெட்ரோல் வாடையடித்தால் அங்கே பொறியே விழவில்லை. சுண்ணாம்பு போல வெளுத்து, முனையில் சின்னக் கொப்புளம் கண்டிருந்தால் அதுதான் ஆபத்து. சூடு எல்லை மீறுகிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் துளைபடும்.

நிறம் நன்றாக இருந்தாலும் முனையைப் பாருங்கள். புதுப் பிளக்கின் நடு முனை வெட்டிவைத்தது போலத் தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். பொறி கூரான ஓரத்திலிருந்துதான் எளிதில் தாவும். ஓரம் மழுங்கி உருண்டையாகியிருந்தால் காலம் முடிந்தது. பீலர் கேஜை விட்டுப் பாருங்கள். அந்த 2,286 சிசி எஞ்சினுக்கு இடைவெளி 0.75-லிருந்து 0.80 மில்லிமீட்டர். முனை இன்னும் கூராக இருந்து இடைவெளி மட்டும் கொஞ்சம் அகன்றிருந்தால் வெளிக்கொம்பை மெல்லத் தட்டிச் சரிசெய்து மறுபடி போடலாம். நடு முனையை நெம்பக் கூடாது, பீங்கான் விரியும். பீங்கானில் மயிரிழை விரிசல் தெரிந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே உழலும் வண்டிக்கு நான் சொல்லும் முறை இது: எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் கழற்றிப் பார்ப்பது, மழுங்கியிருந்தால் மாற்றுவது, எப்படியிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை நான்கையும் சேர்த்து மாற்றுவது. ஒன்று மட்டும் புதிது, மூன்று பழசு என்று ஓட்டினால் எஞ்சின் சீராகச் சுற்றாது. சாதா பிளக் ஒன்று பத்து வெள்ளி அளவில் கிடைக்கும்போது இதில் கஞ்சத்தனம் எதற்கு?

பிளக்கின் மேல் குத்தியிருக்கும் எழுத்துகளைப் பலர் கவனிப்பதில்லை. என்ஜிகே கம்பெனியின் 'பிபி6இஎஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'பி' என்றால் 14 மில்லிமீட்டர் மரை. அடுத்த 'பி' மூக்கு சற்று நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்கிறது. 'இ' மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். 'எஸ்' உள்ளே செம்புத் தண்டு. நடுவிலுள்ள 6 தான் சூட்டு எண். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, குறைந்தால் சூடானது. சாம்பியனிலும் போஷிலும் இது தலைகீழ்! கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்காமல் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள். ஊர்ந்தே வேலை செய்யும் வண்டியில் சோக்கும் கார்புரேட்டரும் சரியாக இருந்தும் பிளக் தொடர்ந்து கறுத்தால் ஒரு படி சூடான பிளக் போடுவது பழைய வழக்கம். அதே வண்டி பாரத்தோடு ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போகுமென்றால் அந்த வழக்கம் வேண்டாம். பெயர்பெற்ற பிளக்குகளில் போலியும் உலவுவதால் பெட்டியில்லாமல் மலிவாகக் கிடைப்பதை நம்பாதீர்கள்.

இனி மழை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில், காலையில் பனியும் தூறலுமாக இருக்கும்போது எஞ்சின் மிஸ்ஸிங் அடித்தால் முதல் குற்றவாளி பிளக் அல்ல, பிளக் வயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும். ஈரம் படிந்த மூடிக்குள் மின்சாரம் தப்பான வழியில் ஓடும். இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால் வெடித்த வயரில் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் வைத்துவிடாதீர்கள். வெயில் ஏறியதும் சரியாகிவிடும் மிஸ்ஸிங் ஈரத்தால் வந்தது. பாரம் ஏறும்போது மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்குத்தான் பிளக்கைப் பார்க்க வேண்டும்.

இன்ஜெக்‌ஷன் எஞ்சினும் இரிடியம் பிளக்கும் உள்ள புதிய பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு மலை அவ்வளவு தொல்லை தராது. சென்சார் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. இரிடியத்துக்கு 100,000 கிலோமீட்டர்வரை சொல்கிறார்கள். ஆனால் உங்கள் கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று தனியே ஒரு பகுதி இருக்கும். குறுகிய ஓட்டம், பாரம், மலைப்பாதை எல்லாம் அதில்தான் வரும். கேமரன் மலைக்காரர் படிக்க வேண்டிய பகுதி அது. இரிடியத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்கக் கூடாது. மெல்லிய முனை ஒடிந்துவிடும். மிஸ்ஸிங்கோடு வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எரிக்கும். அதன் விலையைக் கேட்டால் பிளக் இலவசம் போலத் தோன்றும்.

மாட்டும்போது அவசரம் வேண்டாம். எஞ்சின் ஆறட்டும். தோட்டத்து மண் பிளக் குழியில் நிரம்பியிருக்கும். கழற்றுமுன் காற்றடித்துத் துப்புரவு செய்யாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கை ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே முழுதும் திருகி இறக்குங்கள். மரை தப்பினால் விரலுக்குத்தான் முதலில் தெரியும். வாஷர் தொட்டபின் ஸ்பானரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்றுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். வயர்களைக் கழற்றிய வரிசையிலேயே மாட்டுங்கள். அந்த லேண்ட் ரோவரின் பொறி வரிசை 1-3-4-2.

மாற்றிய தேதியை பானெட்டின் உட்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதி வையுங்கள். இடைவெளி சரிசெய்த நான்கு பிளக்கும் பிளக் ஸ்பானரும் சீட்டுக்கடியில் இருக்கட்டும். தோட்டத்து உட்பாதையில் போனுக்கு லைன் கிடைக்காத இடத்தில் வண்டி நின்றால் கைகொடுப்பவை அவைதான்.