ஓர் அவுன்ஸ் மருந்து

1848-இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்துகொடுத்த 21 பவுண்டு எடையுள்ள துப்பாக்கியின் வாய்வழியே, ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் கருமருந்தைக் கொட்டிக் கெட்டித்து, இலங்கைக் காட்டு யானைகளைச் சுட்டார். அந்த வேட்டையை இன்று நாம் மெச்சப்போவதில்லை. ஆயினும் அந்த அளவுக்குக் காரணம் உண்டு.

75 பங்கு வெடியுப்பும் 15 பங்கு கரியும் 10 பங்கு கந்தகமும் சேர்ந்த கருமருந்து எரிந்தால், பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவுமே மிஞ்சும். ஆகையால் மருந்தை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கும் என்று நினைப்பது பிரமை. குழல் கொள்ளாத மிகுதி எரியாமலே வெளியேற, உருண்டைக் குண்டோ அதிக வேகத்தையும் காற்றின் எதிர்ப்பில் சீக்கிரமே இழந்துவிடும். குண்டின் விட்டத்தை இரட்டித்தாலோ எடை எட்டு மடங்காகும்; அந்த எடையைத் தள்ளத்தான் மருந்து அதிகம் வேண்டும். பேக்கர் நம்பியது இந்தக் கணக்கைத்தான். அரை அங்குலக் குழலுடன் மான் வேட்டைக்குப் போகும் இன்றைய அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் 70 முதல் 100 கிரெயின், அதாவது ஆறரை கிராமுக்குள், போதுமானது. பனித்தரையில் சுட்டு, முன்னே கருந்துகள்கள் சிதறிக் கிடந்தால் அளவைக் குறைப்பது பழைய வழக்கம்.

பித்தளை அளவையில் மருந்தை நிரப்பித் தட்டிச் சமன் செய்து கொட்டியபின், எண்ணெய்த் துணி சுற்றிய குண்டைக் கோலால் மருந்தின்மேல் படியும்வரை அழுத்தவேண்டும்; நடுவே இடைவெளி நின்றாலும், புகையில்லா நவீன மருந்தைப் போட்டாலும், குழல் சுடுகிறவன் முகத்தருகே வெடிக்கக்கூடும்.