எரிக் கல்வித் தரவுத்தளம்

எரிக் என்பது கல்வியியல் துறை சார்ந்த ஆய்வுக் கட்டுரைகள், அறிக்கைகள், நூல்கள் முதலியவற்றின் விவரங்களைத் திரட்டித் தரும் இணைய நூலகம் ஆகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்வித் துறையின் கீழ் இயங்கும் கல்வி அறிவியல் நிறுவனம் இதனை நடத்தி வருகிறது. ஏறத்தாழ 20 லட்சம் பதிவுகள் இதில் உள்ளன. உலகின் எந்தப் பகுதியில் இருப்பவரும் கட்டணமோ உறுப்பினர் பதிவோ இன்றி இதில் தேடலாம். ஆகவே கல்வியியல் மாணவர்களுக்கும் ஆசிரியப் பயிற்சி நிறுவனப் பேராசிரியர்களுக்கும் பல்கலைக்கழக நூலகங்கள் முதலில் அறிமுகப்படுத்தும் தரவுத்தளங்களுள் இதுவும் ஒன்று.

தோற்றம்

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய பிறகு, அமெரிக்க அரசு கல்விக்கும் கல்வி ஆய்வுக்கும் கூடுதல் நிதி ஒதுக்கத் தொடங்கியது. அந்த நிதியில் நடந்த ஆய்வுகளின் அறிக்கைகளில் பல, நூலாகவோ இதழ்க் கட்டுரையாகவோ வெளிவரவில்லை. சில படிகள் மட்டும் தட்டச்சு செய்யப்பட்டு அலுவலகங்களில் தங்கிவிட்டன. ஓரிடத்தில் நடந்த ஆய்வு மற்றோரிடத்தில் தெரியாமல் போனது. இந்தக் குறையைத் தீர்க்க 1964இல் அமெரிக்கக் கல்வி அலுவலகம் எரிக்கை உருவாக்கியது.

ஒரே மையத்தில் எல்லாவற்றையும் குவிக்காமல், ஆரம்பக் கல்வி, சிறப்புக் கல்வி, மொழி கற்பித்தல், ஆசிரியர் கல்வி எனப் பிரிவு வாரியாகத் தனித்தனி மையங்கள் அமைக்கப்பட்டன. இவற்றில் பல பல்கலைக்கழகங்களில் இயங்கின. ஒவ்வொரு மையமும் தன் துறை சார்ந்த ஆவணங்களைத் தேடிப் பெற்று, சுருக்கம் எழுதி, பொருள் குறிச்சொற்களை இட்டு அனுப்பியது. 1966 முதல் அறிக்கைகளுக்கான மாதாந்தரப் பட்டியலும், 1969 முதல் இதழ்க் கட்டுரைகளுக்கான தனி அட்டவணையும் அச்சில் வெளிவந்தன.

நுண்படத் தாள் முதல் இணையம் வரை

தொடக்கக் காலத்தில் முழு அறிக்கைகள் மைக்ரோபிஷ் எனப்படும் நுண்படத் தாள்களில் வழங்கப்பட்டன. உள்ளங்கை அளவுள்ள ஒரு படத்தாளில் ஏறத்தாழ நூறு பக்கங்கள் அடங்கும். நூற்றுக்கணக்கான நூலகங்கள் இத்தாள்களை வாங்கி இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைத்தன. மாணவர் அச்சிட்ட பட்டியலில் எண்ணைக் கண்டுபிடித்து, உரிய தாளை எடுத்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் வைத்துப் படிக்க வேண்டியிருந்தது.

தொலைவிலிருந்தே கணினியில் தேடும் வசதி முதலில் கிடைத்த தரவுத்தளங்களுள் எரிக்கும் ஒன்று. 1992இல் ஆசிரியர்கள் மின்னஞ்சலில் கேட்கும் கேள்விகளுக்கு நூலகர்கள் பதில் தரும் ஆஸ்க்எரிக் என்னும் சேவை சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2003 இறுதியில் அந்தச் சேவையும் 16 பிரிவு மையங்களும் மூடப்பட்டன. அதன்பின் எரிக் ஒரே அமைப்பாக ஒருங்கிணைக்கப்பட்டது. 1966 முதல் 1992 வரையிலான மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்பட ஆவணங்கள் பின்னர் எண்மமாக்கப்பட்டன. ஆயினும் பதிப்புரிமை பெற்றவரின் அனுமதி கிடைத்தவை மட்டுமே இணையத்தில் வைக்கப்பட்டன.

உள்ளடக்கம்

எரிக்கின் பதிவுகள் இரு வகைப்படும். இதழ்க் கட்டுரைகளின் எண்கள் ஈஜே என்னும் எழுத்துகளோடும், அறிக்கை, மாநாட்டுக் கட்டுரை, நூல் போன்ற பிற ஆவணங்களின் எண்கள் ஈடி என்னும் எழுத்துகளோடும் தொடங்கும். இந்த வேறுபாடு மாணவருக்குப் பயன்படும். ஈடி வகை ஆவணங்கள் பலவற்றை எரிக் தளத்திலேயே முழுமையாகத் தரவிறக்கலாம். ஈஜே வகையில் பெரும்பாலும் சுருக்கமும் பதிப்பாளர் தளத்துக்கான இணைப்பும் மட்டுமே இருக்கும். அந்தக் கட்டுரையைப் படிக்கப் பல்கலைக்கழக நூலகத்தின் சந்தா தேவைப்படும்.

சொற்களஞ்சியம்

எரிக்கின் தனிச்சிறப்பு அதன் பொருள் குறிச்சொற்களின் களஞ்சியம் ஆகும். ஒரே கருத்தை ஆய்வாளர்கள் பல சொற்களால் குறிப்பிடுவர். அட்டவணைப்படுத்துவோர் அவற்றை ஒரு பொதுச் சொல்லின் கீழ்க் கொண்டு வருகின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கமும், அதனினும் விரிந்த சொல், குறுகிய சொல், தொடர்புடைய சொல் ஆகியனவும் தரப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டாக, மாற்றுத்திறன் மாணவர்களைப் பொது வகுப்பறையில் சேர்த்துக் கற்பிப்பது இன்று இன்க்ளூஷன் எனப்படுகிறது. 1970களிலும் 1980களிலும் இதையொட்டிய முயற்சிகளுக்கு மெயின்ஸ்ட்ரீமிங் என்னும் சொல் வழங்கியது. இன்றைய சொல்லை மட்டும் இட்டுத் தேடுபவருக்குப் பழைய ஆய்வுகள் பல கண்ணில் படாமல் போகலாம். களஞ்சியத்தில் இரண்டு சொற்களையும் பார்த்துச் சேர்த்துத் தேடினால், அத்துறையின் வளர்ச்சியையும் அறியலாம்.

தேடும் முறை

ஆய்வுத் தலைப்பை முழு வாக்கியமாக இடுவதைவிட, அதை இரண்டு மூன்று கருத்துகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. "தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கற்றலும் வாசிப்புத் திறனும்" என்பது தலைப்பானால், பள்ளி நிலை, தாய்மொழி, வாசிப்பு என மூன்று கருத்துகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய ஆங்கிலக் குறிச்சொல்லைக் களஞ்சியத்தில் தேர்ந்து இணைத்துத் தேட வேண்டும். கிடைக்கும் முடிவுகளை வெளியான ஆண்டு, கல்வி நிலை, ஆவண வகை, இடம் ஆகியவற்றைக் கொண்டு குறைக்கலாம். முழு உரை உள்ளவற்றையோ, சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்றவற்றையோ மட்டும் காட்டச் செய்யும் வசதிகளும் உண்டு. பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்துவிட்டால், அதற்கு இடப்பட்டுள்ள குறிச்சொற்களைக் கொண்டு அடுத்த தேடலைச் செய்யலாம்.

பல பல்கலைக்கழக நூலகங்கள் எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட் போன்ற வணிக நிறுவனங்களின் தளங்கள் வழியாகவும் எரிக்கை வழங்குகின்றன. அங்கு தேடும்போது, நூலகம் சந்தா கட்டியுள்ள இதழ்களின் முழுக் கட்டுரைகளுக்கு நேரடி இணைப்பு கிடைக்கும். படிப்பு முடிந்து நூலகக் கணக்கை இழந்த ஆசிரியர்களுக்கும், சந்தா வாங்க இயலாத கல்லூரிகளுக்கும் கட்டணமில்லா அரசுத் தளமே துணை.

வரம்புகள்

எரிக்கில் ஆங்கில ஆவணங்களும் அமெரிக்கப் பள்ளிகள் பற்றிய ஆய்வுகளுமே மிகுதி. அங்கு கிடைத்த முடிவை வேறொரு நாட்டு வகுப்பறைக்கு அப்படியே பொருத்த இயலாது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்ப்ளிப்நெட் மையத்தின் சோத்கங்கா தளத்தையும் பார்க்க வேண்டும். மேலும், ஓர் ஆவணம் எரிக்கில் இருப்பதாலேயே அதன் முடிவுகள் சரி என்று ஆகிவிடாது. மதிப்பீடு பெற்ற கட்டுரையாயினும், ஆய்வு முறையையும் மாதிரியின் அளவையும் வாசகரே சீர்தூக்க வேண்டும்.

நெருக்கடிகள்

2012 ஆகத்தில் சில பழைய ஆவணங்களில் தனிநபர்களின் அடையாள எண்கள் இருப்பது தெரியவந்தது. இதனால் முழு உரைகள் அனைத்தும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. பின்னர் ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டுப் படிப்படியாக மீண்டும் வெளியிடப்பட்டன.

2025இல் வந்த நெருக்கடி வேறு வகையானது. அவ்வாண்டு பிப்ரவரியில் கல்வி அறிவியல் நிறுவனத்தின் ஒப்பந்தங்கள் பல இரத்து செய்யப்பட்டன. மார்ச்சில் அமெரிக்கக் கல்வித் துறையின் பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் குறைக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஏப்ரலுக்குப் பிறகு எரிக்கில் புதிய பதிவுகள் சேராமல் போகுமோ என்ற அச்சம் எழுந்தது. இறுதியில் குறைந்த நிதியில் பணி தொடர்ந்தது.

தரவுத்தளம் ஒன்றில் புதிய பதிவுகள் நின்றால் பழையவை அழிந்துவிடுவதில்லை. ஆனால் புதிய ஆய்வுகள் மீண்டும் சிதறிக் கிடக்கும். 1964இல் எரிக் தீர்க்க முயன்ற சிக்கல் அதுவே. ஆகவே கல்வியியல் மாணவர்கள் எரிக்கை மட்டுமே நம்பியிராமல், பிரித்தானியக் கல்வி அட்டவணை, ஆஸ்திரேலியக் கல்வி அட்டவணை போன்றவற்றையும் தங்கள் நூலகரிடம் கேட்டறிந்து பயன்படுத்துதல் நலம்.